காவலன் கள்வனான கதை

கொள்ளையன் ஒருவன் மனந்திருந்திக் காவல் அதிகாரியாகும் கதையை அமெரிக்கத் திரைப்படங்கள் சலிக்காமல் சொல்லிவந்துள்ளன. கிங் விடார் இயக்கி 1936இல் வெளிவந்த 'தி டெக்சஸ் ரேஞ்சர்ஸ்' அவற்றுள் ஒன்று. வழிப்பறி செய்துவந்த நண்பர் மூவருள் இருவர் காவற்படையிற் சேர்ந்து, மூன்றாமவனையே தேடிப் பிடிக்க நேர்வது அதன் கதை. இத்தகைய படங்களைக் கண்டு வியந்து, இவ்வளவு நுட்பமான அறச்சிக்கல் தமிழ் மண்ணில் தோன்றவில்லையே என்று அங்கலாய்க்கும் அன்பர்கள் நம்மிடையே உளர். அவர்தம் கூற்றை நாம் மறுக்கிறோம். இங்கு நிகழ்ந்தது அதன் தலைகீழ் வடிவம். நெடுங்காலம் ஊர் காத்தவனைக் கள்வன் என்று அரசாங்க ஏட்டில் எழுதி வைத்தார்கள்.

மேலைநாட்டு உண்மை வரலாறும் திரையிற் காண்பதுபோல் அத்துணைத் தூயதன்று. வியாட் ஏர்ப் 1871இல் குதிரைத் திருட்டுக் குற்றச்சாட்டில் கைதானவர். பின்னரே டாட்ஜ் நகரத்தில் காவற்பணி ஏற்றுப் புகழ் பெற்றார். பில்லி தி கிட்டின் கூட்டாளியாயிருந்த ஹென்றி பிரௌன், கான்சஸ் மாநிலத்துக் கால்ட்வெல் நகரின் காவல் தலைவனாக இருந்துகொண்டே 1884இல் மெடிசின் லாட்ஜ் வங்கியைக் கொள்ளையிட முயன்று உயிரிழந்தான். எனினும் அந்நாட்டில் பழைய பதிவு ஒருவனைப் புதிய வேலைக்குப் போகவிடாமல் தடுக்கவில்லை. அதனைக் கவனித்தல் வேண்டும்.

நாம் வாழும் திருவனந்தபுரத்துக்கும் இதில் ஒரு பங்குண்டு. இந்நகரச் சிறையில் வாழ்வு முடிந்தவனாகச் சொல்லப்படும் காயங்குளம் கொச்சுண்ணியின் கதையைக் கொட்டாரத்தில் சங்குண்ணி தம் 'ஐதிஹ்யமாலை'யில் விரிவாக எழுதினார். 2018இல் அது பெரும் பொருட்செலவில் திரைப்படமாயிற்று. கோழஞ்சேரியை அடுத்த ஒரு கோயிலில் அவனுக்கு வழிபாடும் நடக்கிறது. தனியொரு கள்வனைத் தெய்வமாக்க மலையாள நாடு தயங்கவில்லை. மலைக்குக் கிழக்கே பாண்டி நாட்டிலோ, களவே செய்யாதவனும் பிறந்த குலத்தால் கள்வனானான்.

மதுரை, நெல்லைச் சீமைகளில் ஊர்க்காவல் என்பது பரம்பரை உரிமை. நாட்டளவில் பாளையக்காரர் காவலும் ஊரளவில் தலக்காவலும் இருந்தன. கள்ளரும் மறவரும் அக்கடமையைப் பெரிதும் ஏற்றிருந்தனர். அறுவடைக் களத்தில் அளந்து தரும் நெல் அவர்க்குக் கூலி. ஊரில் களவு போனால் பொருளை மீட்டுத் தரவேண்டும். இயலாவிடின் தம் கையிலிருந்து ஈடு செய்யவேண்டும். (களவு போன பொருளுக்கு ஈடு தரும் காவல் நிலையம் இன்று எங்கேனும் உண்டா என்று கேட்டால் நம்மைப் பித்தர் என்பர்!) இம்முறையில் கேடு இல்லாமலும் இல்லை. கூலி மறுத்தவன் மாடு காணாமற் போவதும், துப்புக்கூலி கொடுத்த மறுநாள் அதே மாடு தொழுவுக்குத் திரும்புவதும் உண்டு. இதனை மறைத்துப் பழம்பெருமை பேசுவோர் கட்சியில் நாம் சேரோம். ஆயினும் கேட்டைத் திருத்துதல் வேறு. ஒரு குலத்தையே குற்றம் என்பது வேறு.

1801இல் பாளையக்காரர் எழுச்சி ஒடுக்கப்பட்டபின் அவர்தம் காவலுரிமையைக் கும்பினி தனதாக்கிக்கொண்டது. 1859இல் சென்னை மாகாணத்துக்குச் சம்பளக் காவற்படை வந்தது. பழைய காவலன் பிழைப்புக்கு என்ன செய்வான் என்று எவரும் எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை. வட இந்தியாவில் 1871இல் பிறந்த குற்றப் பழங்குடிச் சட்டம், 1911இல் புதுப்பிக்கப்பட்டுச் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. மக்கள் அதனை ரேகைச் சட்டம் என்றனர். பதிவு செய்யப்பட்ட ஆடவர் இரவுதோறும் காவல் நிலையத்திலோ சாவடியிலோ படுத்துறங்க வேண்டியதாயிற்று. ஊர் உறங்கத் தான் விழித்திருந்தவனின் பேரனுக்கு இந்நிலை! உசிலம்பட்டிப் பக்கத்துப் பெருங்காமநல்லூர் மக்கள் ரேகை வைக்க மறுத்தபோது, 1920 ஏப்ரல் 3இல் நிகழ்ந்த துப்பாக்கிச் சூட்டில் மாயக்காள் என்னும் பெண் உட்படப் பதினைந்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர்.

சிலப்பதிகாரம் கற்ற நமக்கு இது புதிதன்று. கோவலனைக் கண்ட ஊர்க்காவலர், இவன் தோற்றம் கள்வன் தோற்றம் அன்றே என்று ஐயுறுகின்றனர். பொற்கொல்லனோ மந்திரம் முதல் கருவி ஈறாகக் கள்வர்க்குத் துணையாவன எட்டு என்று நூல் விரித்து அவ்வையத்தைப் போக்குகிறான். கண்ணெதிரே நிற்கும் மனிதன் மறைந்து போகிறான். கள்வரின் பொது இலக்கணம் மட்டுமே எஞ்சுகிறது. சென்னை மாகாணக் குற்ற வகுப்பினர் பற்றி 1892இல் முல்லலி என்ற காவல்துறை அதிகாரி எழுதிய குறிப்பு நூல் அப்பொற்கொல்லன் உரையின் பெருக்கமே என்போம். அறியாமையாற் பிறந்த கொடுமையாக இதனைக் கொள்வதற்கில்லை. கற்றவர் வகுத்த இலக்கணம் இது.

அலுவலகக் கோப்புகளோடு வாழ்வைக் கழிக்கும் நம்போல்வார்க்கு ஒன்று தெரியும். ஒரு பெயரை ஒரு தலைப்பின்கீழ் எழுத அரை நிமிடம் போதும்; அதனை அடித்துவிடப் பல மேசைகள் கடக்கவேண்டும். சென்னை மாகாணம் 1947இல் இச்சட்டத்தை நீக்கியது. நாடு முழுவதும் 1952 ஆகஸ்ட் 31இல் நீங்கியது. ஆனால் அதன் சாயல் சிறைக் கையேடுகளில் உயிரோடிருந்தது. சிறைகளிற் சாதி வேற்றுமை காட்டும் விதிகளை 2024 அக்டோபர் 3இல் உச்ச நீதிமன்றம் செல்லாதவையாக்கியபோது, சீர்மரபினர் குறித்த விதிகளும் கண்டனத்துக்கு உள்ளாயின. இடையே கழிந்தவை 72 ஆண்டுகள்!

இவ்வளவுக்குப் பின்னும் திரைப்படக் கொடியவனை வருணிக்கக் 'குற்றப் பரம்பரையான்' என்று மேடையிற் சொல்லிக் கைதட்டல் பெறும் பேச்சாளரை நாம் கேட்டிருக்கிறோம். கைதட்டியோருள் பட்டம் பெற்றோரே மிகுதி. டெக்சஸ் நாட்டுக் கொள்ளையனுக்காகக் கண்ணீர் மல்கும் அவ்வன்பர்கள் ஒருமுறை உசிலம்பட்டி வழியே பயணம் செய்வாராக. பெருங்காமநல்லூரில் நினைவுத்தூண் நிற்கிறது. அதிற் பொறித்துள்ள பெயர்களைப் படித்துவிட்டு வந்து, அடுத்த கூட்டத்திற் பேசட்டும்.