படியளப்போரும் படியேறுவோரும்

ஏழைக் குடும்பங்களுக்கு அரசு கொடுக்கும் உதவி பற்றிப் பேச்செழும் போதெல்லாம் இரண்டு கூச்சல்கள் எம் செவியிலே விழுகின்றன. "இலவசமாகக் கொடுத்தால் மக்கள் சோம்பேறிகளாகி விடுவார்கள்" என்பது ஒன்று. "நாம் தந்தோம், நன்றி மறவாதீர்" என்பது மற்றையது. முன்னது வயிறு நிரம்பியோரின் கூச்சல். பின்னது வாக்குப் பெட்டியை நிரப்ப விரும்புவோரின் கூச்சல். ஒன்றுக்கொன்று பகை போலத் தோன்றினும் இரண்டும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளே. உழைக்கும் மனிதனைக் கையேந்தி நிற்பவனாகவே இரண்டும் காண்கின்றன.

முதற் கூச்சலுக்கு இந்நாட்டு மக்கள் எப்போதோ விடை கூறிவிட்டனர். 1953 ஆம் ஆண்டிலே பங்கீட்டு அரிசியின் விலை கொத்து ஒன்றுக்கு 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தப்பட்டது. ஓகஸ்ட் 12 ஆம் நாள் ஹர்த்தால் நடந்தது, நாடு ஸ்தம்பித்தது. இரண்டு மாதங்களுள் பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி துறந்தார். அன்று வீதிக்கு வந்தோர் சோம்பேறிகளா? தொழிலாளரும் விவசாயிகளுமன்றோ வந்தனர்! உழைப்பவனுக்கு உணவு உரிமை. அது எவரும் இடும் பிச்சையன்று.

இனி இரண்டாவது கூச்சலைப் பார்ப்போம். ஆட்சிகள் மாறின; திட்டங்களின் பெயர்களும் மாறின. 1989 இலே ஜனசவிய வந்தது. குடும்பத்துக்கு மாதம் 2,500 ரூபா. அதிலே 1,458 ரூபா நுகர்வுக்கு, 1,042 ரூபா சேமிப்புக்கு. 24 மாத முடிவிலே 25,000 ரூபா மூலதனம் என்று வாக்களிக்கப்பட்டது. 1995 இலே சமுர்த்தி வந்தது. 2023 ஜூலையிலே அஸ்வெசும வந்தது. 22 அளவுகோல்களால் குடும்பத்தின் வறுமைக்குப் புள்ளியிட்டார்கள். வறுமையிலே சித்தியடைந்தால்தான் உதவி! பட்டியலிலே இடம் பெறாதோர் இலட்சக்கணக்கில் மேன்முறையீடு செய்தனர். மிக வறியோருக்கென வகுத்த 15,000 ரூபா 2025 ஜனவரி முதல் 17,500 ரூபாவாக உயர்ந்தது. அதை நாம் வரவேற்கிறோம். ஆனால், அப்பணம் அடுப்பை எரிய வைக்குமேயன்றிக் குடும்பத்தை ஒரு படியேனும் ஏற்றிவிடாது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

ஏன் ஏற்றாது? கடற்கரைக்குச் சென்று பாருங்கள். சம்மாட்டியிடம் முற்பணம் வாங்கிய கடற்றொழிலாளி, பிடித்த மீனைச் சம்மாட்டி சொல்லும் விலைக்கே கொடுத்தாக வேண்டும். வலையும் தோணியும் பிறன் கையில் இருக்கும் வரை, மாதாந்த உதவிப்பணமும் சுற்றி வளைத்துச் சம்மாட்டியின் பெட்டியையே சேரும். மலையகத்திலே லயத்து அறைக்குள் வாழும் குடும்பத்துக்குக் காலடியிலுள்ள மண் சொந்தமில்லை. வறுமைக்கு வேர் வருமானக் குறைவு மட்டுமன்று. தொழிற் கருவியும் நிலமும் சந்தையும் கைக்கு எட்டாமையே அதன் ஆணிவேர். அவ்வேரை ஒரு குடும்பம் தனித்து நின்று அறுக்க இயலாது. கூடி நின்றால் இயலும்.

இது வெறும் கற்பனையன்று. யாழ்ப்பாணத்திலே கள்ளிறக்கும் தொழிலாளர், தவறணைக் குத்தகைக்காரருக்கு உழைத்துக் கொடுத்தே தேய்ந்தவர்கள். சாதியின் பெயரால் மிதிக்கப்பட்டவர்கள். 1970களிலே அவர்கள் கூட்டுறவுச் சங்கங்களாகத் திரண்டனர். இறக்கிய கள்ளைச் சங்கமே விற்றது. வடமராட்சியிலே திக்கம் வடிசாலை அச்சங்கங்களின் முயற்சியால் எழுந்தது. அரசின் கொள்கை அவர்களுக்குக் கைகொடுத்தது உண்மை. ஆயினும் சங்கத்தை நடத்தியோர் அத்தொழிலாளரே. பணத்தோடு அதிகாரமும் சேர்ந்து வந்தமையாலேயே அவர்கள் நிமிர்ந்தனர்.

ஆனால் ஆள்வோர் எப்போதும் பணத்தை ஒரு கையால் நீட்டி, அதிகாரத்தை மறு கையால் பறிக்கின்றனர். சமுர்த்தி வங்கிகளிலே குவிந்த பணத்திலே ஏழைகள் சிறுகச் சிறுகச் சேமித்த பணமும் உண்டு. 2012 இலே திவிநெகும மசோதா வந்தது. பல அதிகார சபைகளை ஒன்றாக்கி அமைச்சரின் கீழ் ஒரே திணைக்களமாக்குவதே அதன் நோக்கம். மாகாண சபைகளின் கருத்தைக் கேட்க வேண்டுமென உயர் நீதிமன்றம் கூறியது. வட மாகாணத்துக்கோ அன்று தேர்ந்தெடுக்கப்பட்ட சபையே இல்லை. ஆளுநரின் சம்மதம் அதற்கு ஈடாகாது என்றும் கூறியது. அந்நீதிமன்றத்தின் பிரதம நீதியரசர் ஷிராணி பண்டாரநாயக்க 2013 ஜனவரியிலே பதவியிலிருந்து அகற்றப்பட்டார்; சட்டமும் நிறைவேறியது. ஏழையின் உண்டியலுக்குப் பூட்டுப் போடுவதிலே எவ்வளவு வேகம்!

"கிராமத்துச் சங்கங்களை நம்பலாமா? அங்கும் பெரிய மனிதர்கள்தாமே தலைவர்கள்?" என்று சிலர் வினவக்கூடும். நேர்மையான வினா. சில ஊர்களிலே சனசமூக நிலையத்தின் வாசலில்கூடச் சாதி காவல் நின்றதை நாம் அறிவோம். மாதர் சங்கக் கணக்கை ஆண்கள் எழுதுவதையும் அறிவோம். ஆனால் நோய்க்கு மருந்து தலையைக் கொய்வதன்று. சங்கம் பழுதானால் அதைச் சனநாயகப்படுத்த வேண்டும். திணைக்களத்தின் காலடியிலே கிடத்தக் கூடாது. ஊர்ச் சங்கத்தின் கணக்கைக் கேட்க ஊரவரால் முடியும். கொழும்பிலுள்ள மேசையின் கணக்கை எந்த ஏழை கேட்பது?

எனவே நாம் கேட்பவை இவை. உணவுக்கான பணம் புள்ளிக் கணக்கிலே சிக்காது, உரிமையாகக் குடும்பத்தின் கையை அடைய வேண்டும். எழுந்து நிற்பதற்கான மூலதனம் கடற்றொழிலாளர், தோட்டத் தொழிலாளர், சிறு விவசாயிகள், பெண்கள் ஆகியோரின் சங்கங்களுக்கு நேரடியாகச் செல்ல வேண்டும். நிர்வாகிகளை உறுப்பினரே இரகசிய வாக்கினால் தேர்ந்தெடுக்க வேண்டும். நிலமற்றோருக்கும் ஒடுக்கப்பட்டோருக்கும் பெண்களுக்கும் நிர்வாகத்திலே இடம் உறுதியாக வேண்டும். கணக்கேடு ஊர்க் கூட்டத்திலே உரத்து வாசிக்கப்பட வேண்டும்.

இவை இயலாத காரியங்கள் அல்ல. 1911 ஆம் ஆண்டிலேயே கூட்டுறவுக் கடன் சங்கங்களுக்குச் சட்டம் கண்ட நாடு இது. இல்லாதது சட்டமன்று, மக்களிடத்திலே நம்பிக்கை. படியளப்போராக இருந்து பழகியவர்களுக்கு, மக்கள் தம் காலால் படியேறுவது கசக்கத்தான் செய்யும். கசக்கட்டும்! வரிசையிலே காத்து நின்ற கால்கள் ஏறத் தொடங்கும் நாளை விரைவுபடுத்துவதே நம் கடமை.