ஒரு கோலின் இரு முனைகள்

மதுரை ஆலவாய் அண்ணலின் சந்நிதிப் பிரகாரத்தில் அறுபத்து மூவர் திருவுருவங்களை வணங்கியவாறே வலம் வருகிறோம். அவர்களுள் திருநீலகண்ட நாயனார் முன்பு, நெடுங்காலம் இல்லறம் கண்ட முதிய தம்பதியர் சற்றே நிற்பது நன்று. முதுமையில் ஆறிய ஒரு பழம்புண்ணின் வரலாறு அவருடையது.

தில்லையில் வேட்கோவர் குலத்தில் தோன்றி, அடியார்களுக்குத் திருவோடு அளிக்கும் தொண்டு செய்தவர் அவர். நஞ்சுண்ட பெருமானின் கண்டத்தையே நாமமாக ஓதியவர். ஆயினும் இளமையில் பரத்தை ஒருத்தியை நாடிச் சென்றார். அதனை அறிந்த மனைவியார் ஊரைக் கூட்டவில்லை. இல்லறக் கடமைகளில் ஒன்றையும் குறைக்கவில்லை. ‘எம்மை’த் தீண்டலாகாது என்று திருநீலகண்டத்தின்மேல் ஆணை மட்டும் இட்டார். அவர் பன்மையில் கூறியதால், மாதர் எவரையும் மனத்தாலும் தீண்டேன் என்று நாயனார் உறுதி பூண்டார். அயலார் அறியாவண்ணம் ஒரே இல்லத்தில் இருவரும் விலகி வாழ்ந்து மூப்படைந்தனர்.

பெருமான் சிவயோகியாக வந்து, ஓர் ஓட்டை அடைக்கலமாகத் தந்து, பின் அதனை மறையச் செய்தார். திருடவில்லையெனில் மனைவியின் கைபற்றிக் குளத்தில் மூழ்கிச் சத்தியம் செய் என்றார். முதியவர் இருவரும் ஒரு மூங்கிற்கோலின் இரு முனைகளைப் பற்றி நின்றனர். கையைப் பற்றுக என்று யோகியார் வற்புறுத்தவே, நாயனார் தாம் செய்த பிழையையும் மனைவியார் இட்ட ஆணையையும் யாவரும் கேட்கத் தம் வாயாலேயே கூறி நீரில் மூழ்கினார். எழுந்தபோது இருவரும் இளமை பெற்றிருந்தனர். விடைமேல் அம்மையப்பர் காட்சியளித்தனர்.

இன்றைய முதியோர்க்கும் இவ்வரலாறு அயலானதன்று. பணி ஓய்வுக்குப் பின், பிள்ளைகள் வெளியூரில் இருக்க, வீட்டில் இருவர் மட்டுமே எஞ்சுகின்றனர். அலுவலும் குடும்பப் பொறுப்பும் மூடிவைத்திருந்த வருத்தங்கள் அப்போது தலைதூக்குகின்றன. கேளாமல் அடகு வைத்து மீட்காத நகையும், உறவினர் நடுவே சொல்லிவிட்ட ஒரு சுடுசொல்லும் முப்பது ஆண்டுகளுக்குப் பின்னும் நேற்று நிகழ்ந்தவை போல் வலிக்கின்றன. மனைவி கோயிலே கதியென்று இருப்பார். எப்போதும் கோயில்தானா என்று கணவர் எள்ளுவார். சில இல்லங்களில் இது மாறியும் இருக்கும். தெய்வமே இருவருக்கும் இடையே சுவராகிவிட்டது போல் தோன்றும்.

இத்தகைய இல்லங்களில், ‘பழையதை மறந்துவிடு அம்மா’ என்று மனைவிக்கே அறிவுரை கூறுவது வழக்கமாகிவிட்டது. சேக்கிழார் பெருமான் அவ்வாறு கூறவில்லை. அம்மையாரின் ஆணையை அவர் எவ்விடத்தும் குற்றமாகக் காட்டவில்லை. பிழையைச் சொன்னவர் பிழை செய்தவரே. அவர் அதனைச் சொல்லிய பின்னரே இருவருக்கும் இளமை வாய்த்தது. யார் பெயரால் ஆணை எழுந்ததோ, அப்பெருமானே வந்து அதனைத் தீர்த்தருளினார் என்பதும் எண்ணத்தக்கது. பக்தி இருவரையும் என்றென்றும் பிரித்து வைப்பதற்கு உரியதன்று.

உடனே கைபற்ற இயலாதவர்கள் முதலில் கோலைப் பற்றலாம். பிரதோஷத்திற்கு இருவரும் சேர்ந்து சென்று வருவதும், ஒருவர் ஓதும் பதிகத்தை மற்றவர் அமர்ந்து கேட்பதும் அத்தகைய கோல்களே. ஆனால் கோல் கையாகிவிடாது. சொல்ல வேண்டியதை ஒருநாள் சொல்லியே ஆக வேண்டும்.

நம் மதுரையில் இரவுதோறும் சொக்கநாதரின் திருப்பாதம் பல்லக்கில் எழுந்தருளி அன்னை மீனாட்சியின் பள்ளியறையைச் சென்றடைகிறது. ஐயனே அன்னையின் வாயிலை நாடிச் செல்லும் தலம் இது. இங்கே வாழும் கணவர்மார், தம் இல்லத்தில் முதல் அடியைத் தாமே எடுத்து வைப்பதில் குறைவொன்றும் இல்லை.

திருநீலகண்டம் துணை நிற்க!