கரி வாங்கிட்டு வாங்க, போதும்

சிங்கப்பூரில் நண்பர்களிடம் மன்னிப்புக் கேட்கும் இடமாக ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவின் பார்பிக்யூ அடுப்பு மாறிவிட்டது. வாங்கிய கடனை இழுத்தடித்தவர், பிள்ளையின் பிறந்தநாளுக்கு வருவதாகச் சொல்லிவிட்டுப் போனை அணைத்து வைத்தவர், வாட்ஸ்அப் குழுவில் வாய்க்கு வந்ததைப் பேசிவிட்டு வெளியேறியவர் என்று எல்லாரும் சனிக்கிழமை மாலை கை நிறையப் பைகளோடு வந்து நிற்கிறார்கள். ‘தப்புதான்’ என்ற ஒரு சொல் மட்டும் அந்தப் பைகள் எதிலும் இருக்காது.

கொண்டுவருவதாவது உருப்படியாக இருக்கிறதா? எங்கள் கூட்டத்தில் ஒருவர், போன தடவை கடைசி நேரத்தில் கைவிரித்தவர், அதற்கு ஈடுகட்ட விலை உயர்ந்த சாசேஜ் வாங்கி வந்தார். பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தால் ஹலால் முத்திரை இல்லை, பன்றி இறைச்சி. கூட்டத்தில் மலாய் நண்பர் இருக்கிறார். அடுப்பின் கம்பி வலையில் அது ஒருமுறை பட்டால், பிறகு அதில் வேகும் எதையும் அவர் தொட முடியாது. பன்னீருக்கும் சோளத்துக்கும் ஏற்கெனவே தனி வலை. மூன்றாவது வலைக்கு எங்கே போவது? “ஆசையா வாங்கிட்டு வந்தேன்டா” என்று அவர் முகம் சுருங்க, சமாதானம் பேச வந்தவரை நாங்கள் உட்கார்ந்து சமாதானப்படுத்தினோம்!

இன்னொரு வகையினர் தேக்காவிலிருந்து பிரியாணி கட்டிக்கொண்டு வருகிறவர்கள். பெரிய மனசுதான். ஆனால் எல்லாரும் வயிறு முட்டப் பிரியாணியைத் தின்றுவிட்டால், முந்தின இரவே மசாலா தடவி ஊறவைத்த கோழி இறக்கையை யார் தின்பது? மிச்சப் பிரியாணியை வீட்டுக்கு எடுத்துப் போகவும் பயம். சமைத்த நான்கு மணி நேரத்துக்குள் சாப்பிடச் சொல்லி இங்கே கேட்டரிங் சாப்பாட்டிலேயே ஒட்டி அனுப்புகிறார்கள்.

இவர்கள் எல்லாரும் வந்து சேர்வது அடுப்பு தயாரான பிறகுதான். கடற்காற்றில் கரியைப் பற்றவைத்துப் பாருங்கள், தெரியும். தீமூட்டிக் கட்டி எரிந்து தீர்ந்துவிடும், கரி கறுப்பாகவே கிடக்கும். அட்டையால் விசிறி, கண்ணெரிந்து, கரித்துண்டுகள் சாம்பல் பூத்து வர அரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதற்குள் பசி தாளாத யாராவது இறக்கையைத் தூக்கிப் போட்டால் கொழுப்பு சொட்டித் தீ எகிறும். தோல் கருகிவிடும், எலும்போரம் ரத்தச் சிவப்பாகவே இருக்கும். உள்ளே 75 டிகிரி சூடு ஏறாத கோழியைத் தின்றால் மறுநாள் கழிப்பறையில்தான் வாசம். அதனால் இடுக்கியும் கையுமாக ஒருவர் அங்கேயே நிற்க வேண்டும். அவர் தட்டுக்கு வருவது கடைசியில் ஆறிப்போன சாத்தே இரண்டு குச்சி.

கரி, ஐஸ், உபரி வலை, குப்பைப் பை, இவற்றை யாராவது கொண்டுவந்து நட்பைப் புதுப்பித்ததாக நான் பார்த்ததே இல்லை. படம் எடுத்துப் போட அவற்றில் என்ன இருக்கிறது?

மனசு உறுத்துகிறதென்றால் வாயைத் திறந்து சொல்லிவிடுங்கள், செலவே இல்லை. சொல்ல நா எழவில்லையா, பரவாயில்லை. ஆறு மணிக்குக் கூட்டம் என்றால் ஐந்துக்கே ஒரு மூட்டை கரியோடு வாருங்கள். அட்டையை வாங்கி நீங்கள் விசிறுங்கள். நாங்கள் ஒரு தடவையாவது உட்கார்ந்து சூடாகச் சாப்பிடுகிறோம்.