இரண்டே மாதத்தில் தூக்கு!
மலாயாவில் மாண்ட தமிழர் கணபதி - இன்று ஈரானில் நடப்பது என்ன?

1949-ம் ஆண்டு மே மாதம் 4-ந் தேதி. மலாயா நாட்டின் கோலாலம்பூர் நகரில் புடு ஜெயில்.

ஒரு தமிழர் தூக்கு மேடை ஏறினார். அவர் பெயர் கணபதி. தஞ்சை ஜில்லா தம்பிக்கோட்டையில் பிறந்தவர்.

அவர் கொலை செய்தாரா? அப்படி ஒரு வழக்கே இல்லை. யாரையாவது சுட்டாரா? அதுவும் இல்லை. ஒரு கைத்துப்பாக்கியும் 6 தோட்டாக்களும் வைத்திருந்தார். அதுதான் குற்றம்!

கங்காணி சொன்ன சீமை

மலாயா என்றால் நம் ஊர்க்காரர்களுக்குப் புதிய பெயர் அல்ல. வெள்ளைக்காரர் காலத்தில் தஞ்சை, திருச்சி, சேலம், தென்னாற்காடு ஜில்லாக்களில் கங்காணிகள் ஊர் ஊராகப் போய் ஆள் சேர்த்தார்கள். ரப்பர் தோட்ட வேலைக்கு நாகப்பட்டினத்தில் கப்பல் ஏற்றினார்கள். இன்று கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் இருக்கும் நைனார்பாளையம், அன்று தென்னாற்காடு ஜில்லாவில் இருந்த ஊர்தான்.

அந்தத் தோட்டத் தொழிலாளருக்குக் கூலி குறைவு. கேள்வி கேட்டால் சீட்டுக் கிழிந்தது. அவர்களுக்காகப் பேசியவர் கணபதி. நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தில் பயிற்சி கொடுத்தவர். யுத்தம் முடிந்ததும் தொழிற்சங்கத்தில் இறங்கினார். அகில மலாயா தொழிற்சங்க சம்மேளனத்தின் தலைவர் ஆனார். தமிழர், சீனர் என்ற பேதம் இல்லாமல் 2½ லட்சத்துக்கு மேற்பட்ட தொழிலாளர்கள் அதில் இருந்தார்கள்.

1948 ஜூன் மாதம் நிலைமை மாறியது. சுங்கை சிப்புட் என்ற ஊரில் 3 வெள்ளைக்காரத் துரைகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். கம்யூனிஸ்டுகள் காட்டுக்குள் போய் ஆயுதப் போர் தொடங்கினார்கள். சர்க்கார் அவசர நிலையை அறிவித்தது. சம்மேளனமும் கலைக்கப்பட்டது. கணபதி தலைமறைவானார்.

சர்க்காரின் பயம் வீண் பயம் என்று சொல்ல முடியாது. உண்மையாகவே சண்டை நடந்தது. ஆனால் அந்தப் பயத்தில் அவர்கள் போட்ட சட்டத்தைப் பாருங்கள்: அனுமதி இல்லாமல் துப்பாக்கி வைத்திருந்தால் மரண தண்டனை. வேறு தண்டனை கிடையாது. ஐந்து வருஷம், பத்து வருஷம் என்று குறைத்துக் கொடுக்க நீதிபதிக்கு வழியே இல்லை!

15-ந் தேதி தீர்ப்பு

1949 மார்ச் தொடக்கத்தில் ரவாங் அருகே ஒரு ரப்பர் தோட்டத்தில் கணபதி பிடிபட்டார். துப்பாக்கி கீழே கிடந்தது. அதைப் போலீசாரிடம் கொடுக்கத்தான் எடுத்துப் போனேன் என்றார். கோர்ட்டு நம்பவில்லை. அதே மார்ச் 15-ந் தேதி தீர்ப்பு வந்துவிட்டது. தூக்கு!

ஒரு வாய்க்கால் வரப்பு வழக்கு நம் ஊரில் எத்தனை வாய்தா போகிறது? ஒரு மனிதனின் உயிர் வழக்கு அங்கே அரை மாதத்தில் முடிந்தது.

அப்பீல் தள்ளுபடி ஆனது. இந்திய சர்க்கார் கணபதியின் உயிரைக் காக்க முயன்றது. தொழிலாளர்கள் வெளிநாடுகளில் இருந்தும் குரல் கொடுத்தார்கள். எதுவும் பலிக்கவில்லை. தூக்குக்கு முதல் நாள், அவருடைய தோழர் வீரசேனனும் படையினரால் சுட்டுக் கொல்லப்பட்டார்.

தப்பிய தமிழர்

அதே சட்டத்தில் மாட்டிக்கொண்ட இன்னொரு தமிழர் சாம்பசிவம். துப்பாக்கி வைத்திருந்ததாக ஒரு வழக்கு, தோட்டா வைத்திருந்ததாக இன்னொரு வழக்கு. தோட்டா வழக்கில் விடுதலை கிடைத்தது. துப்பாக்கி வழக்கை மட்டும் மறுபடி விசாரித்துத் தூக்குத் தண்டனை விதித்தார்கள்.

அந்த மறு விசாரணையில், துப்பாக்கியையும் தோட்டாவையும் வைத்திருந்ததாக அவர் சொன்னதாகக் கூறப்பட்ட வாக்குமூலத்தைக் காட்டினார்கள். தோட்டா வழக்கில் அவர் விடுதலை ஆனவர் என்பதை மட்டும் எடுத்துச் சொல்லவில்லை!

வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது. 1950-ல் தண்டனை ரத்து ஆயிற்று. ஒரு கோர்ட்டு விடுதலை செய்தால் அது விடுதலைதான் என்று அங்கே சொல்லப்பட்டது. இன்றும் பல நாட்டு வக்கீல்கள் எடுத்துக்காட்டும் தீர்ப்பு அது. சாம்பசிவத்துக்குக் கிடைத்த அவகாசம் கணபதிக்குக் கிடைக்கவில்லை.

தூக்கைத் தவிர வேறு தண்டனை தரக் கூடாது என்ற ஆயுதச் சட்டப் பிரிவு ஒன்றை நம் சுப்ரீம் கோர்ட்டு 2012-ல் செல்லாது என்றது. மலேசியாவோ கட்டாய மரண தண்டனையை 2023-ல்தான் கைவிட்டது.

புரட்சிக் கோர்ட்டு

வெள்ளைக்காரன் செய்தான், சரி. மக்களே புரட்சி செய்து அமைத்த சர்க்கார் அப்படிச் செய்யாது அல்லவா?

ஈரானைப் பாருங்கள். 1979-ல் மக்கள் திரண்டு எழுந்தார்கள். மன்னர் ஷா நாட்டை விட்டு ஓடினார். உடனே "புரட்சிக் கோர்ட்டு" வந்தது. சுமார் 12 வருஷம் பிரதமராக இருந்த ஹொவேடா அங்கே நிறுத்தப்பட்டார். வக்கீல் இல்லை. அப்பீல் இல்லை. ஏப்ரல் 7-ந் தேதி கொல்லப்பட்டார். ஷா ஆட்சியில் சித்திரவதை நடந்தது உண்மை. அதற்காகத்தான் நியாயமான விசாரணை வேண்டியிருந்தது.

1988-ல் இன்னும் கொடுமை. ஏற்கெனவே தண்டனை அனுபவித்துக்கொண்டிருந்த கைதிகளைக் கூப்பிட்டுச் சில நிமிடங்கள் கேள்வி கேட்டார்கள். பதில் பிடிக்காவிட்டால் தூக்கு. இப்படி ஆயிரக்கணக்கானோர் மாண்டார்கள். அடுத்த தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டிருந்த மொந்தசேரி, இது தவறு என்று எழுதினார். அவருடைய பதவி போயிற்று. கேள்வி கேட்ட குழுவில் இருந்ததாகச் சொல்லப்பட்ட ரைசி, 2021-ல் ஜனாதிபதி ஆனார். 2024-ல் ஹெலிகாப்டர் விபத்தில் இறந்தார்.

அந்தக் கோர்ட்டு பிறகும் மூடப்படவில்லை. 2022-ல் பெண்கள் முன்னின்று நடத்திய போராட்டத்தின்போது, மஷாத் நகரில் ரஹ்னவார்ட் என்ற 23 வயது வாலிபர் கைதானார். காவல் படையினர் இருவரைக் குத்திக் கொன்றதாகக் குற்றச்சாட்டு. விருப்பப்பட்ட வக்கீலை வைத்துக்கொள்ள அனுமதி இல்லை. டிசம்பர் 12-ந் தேதி, நடுத்தெருவில் கிரேனில் தொங்கவிட்டார்கள்.

கைதாகி 23 நாட்கள்தான் ஆகியிருந்தன. எல்லாம் முடிந்த பிறகுதான் பெற்ற தாய்க்குத் தகவல் போனது. எந்தக் கல்லறையில் புதைத்திருக்கிறார்கள் என்பதும் அப்போதுதான் தெரிந்தது.