ஒரு ‘ஓ’ கூடினால் அர்த்தமே மாறும்: ஆங்கிலத்தின் மயங்கொலிகளைச் சமாளிப்பது எப்படி?

ஏம்பலம் பஸ் ஸ்டாப்பில் நின்றபடியே போனில் வேலைக்கு மெயில் அடிக்கும் ஒரு பட்டதாரியைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். ‘இந்த வாய்ப்பை இழக்க விரும்பவில்லை’ என்று எழுத நினைக்கிறார். ‘இழப்பது’ என்ற அர்த்தம் தரும் லூஸுக்கு ஒரு ‘ஓ’ போதும். அவர் இரண்டு போட்டுவிட்டார். இப்போது அது ‘தளர்வான’ என்று அர்த்தம் தரும் லூஸ். போன் சிவப்புக் கோடு போடவில்லை. ஏன்னா, இரண்டுமே அகராதியில் இருக்கும் சொற்கள்தான்.

இங்கேதான் சிக்கல். இல்லாத சொல்லை எழுதினால் ஸ்பெல் செக் பிடித்துவிடும். இருக்கிற சொல்லைத் தப்பான இடத்தில் போட்டால், பல நேரம் கண்டுகொள்ளாது.

காது ஏன் ஏமாறுகிறது?

முதல் லூஸின் கடைசி ஒலி, தேனீ ரீங்காரம் போல அதிரும். இரண்டாவதில் அந்த அதிர்வு இருக்காது. இந்த வித்தியாசத்தைக் காட்டத் தமிழில் எழுத்து இல்லை. இரண்டையும் ‘லூஸ்’ என்றுதான் எழுத முடியும். அட்வைஸும் அப்படித்தான். அறிவுரைக்கு ‘சி’, அறிவுரை சொல்வதற்கு ‘எஸ்’. விலையும் பிரைஸ், பரிசும் பிரைஸ்.

அடுத்த வகை, அர்த்தக் குழப்பம். பாகூர் பக்கம் மழை நெற்பயிரைப் பாதித்தால் அது ‘அஃபெக்ட்’. அதனால் வரும் விளைவு ‘எஃபெக்ட்’. இரண்டுக்கும் ‘பாதிப்பு’ என்றே மனப்பாடம் செய்வதால்தான் தடுமாற்றம். கடனும் இதே கதைதான். வாங்குபவர் செய்வது ‘பாரோ’, கொடுப்பவர் செய்வது ‘லெண்ட்’. மாற்றி எழுதினால், 500 ரூபாய் கேட்பவர் யார், கொடுப்பவர் யார் என்றே புரியாது.

எல்லாமே தப்பா?

இல்லை. ‘ஐ வில் ரிவர்ட்’ என்றால் இந்திய அலுவலகங்களில் ‘பதில் சொல்கிறேன்’ என்று எல்லோருக்கும் புரியும். ஆனால் வெளிநாட்டு கிளையன்ட் அதை ‘பழைய நிலைக்கே திரும்புகிறேன்’ என்று படிக்கலாம். அங்கே ‘ரிப்ளை’ போடுவதுதான் பாதுகாப்பு. நம்ம ஊர் ‘பிரீபோன்’ ஆக்ஸ்ஃபோர்டு அகராதியிலேயே ஏறிவிட்டது.

புதுச்சேரிக்காரர்களுக்கு இது புதுசு இல்லை. மிஷன் வீதி கல்வே காலேஜ், பெயரில்தான் காலேஜ். உண்மையில் அரசு மேல்நிலைப் பள்ளி. பிரெஞ்சில் அந்தச் சொல்லுக்குப் பள்ளி என்றுதான் பொருள். சொல்லின் அர்த்தம் படிப்பவரைப் பொறுத்தும் மாறும்.

என்ன செய்யலாம்?

வழி பள்ளித் தமிழ் வகுப்பிலேயே இருக்கிறது. வலி, வளி, வழி. அரம், அறம் என்று மயங்கொலிச் சொற்களை வாக்கியத்தில் வைத்துத்தானே படித்தோம்? ஆங்கிலத்துக்கும் அதையே செய்யலாம்.

• நூறு ஜோடிகளை உருப்போட வேண்டாம். நீங்கள் அடிக்கடி தடுமாறும் ஐந்தை மட்டும் போன் நோட்ஸில் எழுதுங்கள்.

• ஒவ்வொன்றுக்கும் உங்கள் வேலையிலிருந்தே ஒரு வாக்கியம் அமையுங்கள்.

• மெயில் அனுப்பும் முன் அந்த ஐந்தை மட்டும் தேடிப் பாருங்கள்.

• சந்தேகம் தீரவில்லையா? வேறு சொல் போடுங்கள். ‘லூஸ்’ குழப்பினால் ‘மிஸ்’ இருக்கிறது.

ஒரு எழுத்துப் பிழையை வைத்து ஒருவரின் அறிவை அளப்பது அநியாயம். வீட்டில் ஆங்கிலம் கேட்டு வளர்ந்தவருக்கும், பாடப்புத்தகத்தில் மட்டும் பார்த்தவருக்கும் ஒரே அளவுகோல் வைப்பது அதைவிட அநியாயம். நிறுவனங்கள் இதை யோசிக்கத்தான் வேண்டும். ஆனால் முகம் பார்க்காத ஹெச்.ஆர். கையில் முதலில் போய்ச் சேர்வது அந்த மெயில்தான். அவர்கள் மாறும் வரை ஏம்பலத்துப் பட்டதாரி காத்திருக்க முடியாது. ஐந்து சொல், ஐந்து நிமிடம். பஸ் வருவதற்குள் முடிகிற வேலைதான்.