கவரைக் கழட்டிட்டு போட்டோ எடுக்கற கனவான்களுக்கு...

மக்களே, இது மொக்கைப் பதிவு இல்லை. கொஞ்சம் சூடான பதிவு. "இந்த வாரம் ஸ்டூல் செஞ்சேன், ஒரு கால் குட்டையாப் போச்சு" டைப் மேட்டரை எதிர்பார்த்து வந்தவங்க இப்பவே அப்பீட் ஆகிக்கலாம். :-)

புதுசா வந்தவங்களுக்கு ஒரு சின்ன அறிமுகம். வார நாள்ல ஆபீஸ்ல ஆணி புடுங்கிட்டு, சனி ஞாயிறுல மொட்டை மாடி தகர ஷெட்டுல நெசமாவே ஆணி புடுங்கற ஆசாமி நான். மரவேலையும் போட்டோவும் என்னோட ரெண்டு கிறுக்கு. ரெண்டுக்கும் சேர்த்து தங்கமணிகிட்ட வாங்கிக் கட்டிக்கறது மூணாவது.

சரி, மேட்டருக்கு வருவோம்.

வீட்டுல பட்டறை வெச்சிருக்கற நம்ம மக்கள் அவங்கவங்க மெஷினை போட்டோ எடுத்துப் போடறாங்க இல்லையா? பார்த்தா கல்யாண ஆல்பம் தோத்துடும். பின்னாடி கருப்புத் துணி, பக்கவாட்டுல ஒரு லைட்டு, நடுவுல பளபளன்னு பிளேடு. ஒரு பொட்டு மரத்தூள் இருக்காது. ஒயர் இருக்காது. முக்கியமா பிளேடு மேல கவர் இருக்காது. கீழ "சூப்பர் தல", "கலக்கிட்டீங்க", "என்ன லென்சு?"ன்னு வரிசையா பாராட்டு.

நான் சொல்றேன், அது போட்டோ இல்லை, பொய். சும்மா பொய்யா இருந்தாக்கூட விட்டுடலாம், இது விரலை எடுக்கற பொய்.

"இவரு பெரிய யோக்கியரு, சொல்ல வந்துட்டாரு"ன்னு கெளம்பறதுக்கு முன்னாடி நானே ஒத்துக்கறேன். நானும் அதே குட்டையில ஊறின மட்டைதான். கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன்.

2018. அப்ப எங்கிட்ட டேபிள் சா வாங்கற அளவுக்குக் காசு கிடையாது. நம்மூர்ல எல்லாரும் பண்றதையே நானும் பண்ணினேன். மார்பிள் கட்டரை வாங்கி, மரம் அறுக்கற 40 பல்லு பிளேடை மாட்டி, ஒரு ப்ளைவுட் பலகைக்கு அடியில தலைகீழா போல்ட் போட்டு முறுக்கி, பலகையில ஒரு கீத்து போட்டு பிளேடை மேல நீட்டிக்கிட்டு இருக்கற மாதிரி ஒரு மேசை.

இந்த மார்பிள் கட்டர் கல்லு அறுக்கறதுக்குன்னு செஞ்ச சாமான். அதுக்கான டைமண்ட் பிளேடுக்கு மர பிளேடு மாதிரி பல்லே கிடையாது. மரம் அறுக்கற சர்க்குலர் சாவுல, வெட்டி முடிச்சதும் ஸ்பிரிங்ல தானா வந்து பிளேடை மூடிக்கற அடிக்கவர் ஒண்ணு இருக்கும். கட்டர்ல அது இல்லை, மேல் பாதிக்கு மட்டும்தான் கவர். அதையும் தலைகீழா மாட்டினா அந்த அரை கவரும் பலகைக்கு அடியில போயிடும். மேல நீட்டிக்கிட்டு இருக்கறது முழுக்க அம்மண பிளேடு. போதாக்குறைக்குப் பல கட்டர்ல சுவிட்சை அமுக்கி ஒரு பட்டனைத் தட்டினா அப்படியே லாக் ஆகி ஓடிக்கிட்டே இருக்கும். கையை எடுத்தாலும் நிக்காது.

இதெல்லாம் தெரிஞ்சதால, நான் அந்த மேசைக்கு மேல அக்ரிலிக் ஷீட்டுல ஒரு மூடி செஞ்சேன். பிளேடுக்குப் பின்னாடி, பழைய கைரம்பத்தை வெட்டி ஒரு மெல்லிசு தகடும் நிறுத்தினேன். ரைவிங் நைஃபுன்னு சொல்லுவாங்க. அறுபட்ட மரம் பின்னாடி ஒண்ணு சேர்ந்து பிளேடைக் கவ்விடாம இருக்கத்தான் அது. கவ்விச்சுன்னா, பிளேடோட பின்பக்கப் பல்லு மரத்தைத் தூக்கி நம்ம பக்கமே வீசும். மரம் நம்ம மேல வரும்போது, அதைத் தள்ளிக்கிட்டு இருந்த கை பிளேடு மேல போகும். எல்லாம் கண்ணு மூடித் தொறக்கறதுக்குள்ள.

ஆக, மேசை ஓரளவுக்குப் பாதுகாப்பாத்தான் இருந்தது. இதை ஊருக்குக் காட்டணுமே! ஒரு ஞாயித்துக்கெழமை காலைல உக்காந்தேன். ஜன்னல்ல வேட்டியைக் கட்டி வெளிச்சத்தை மெத்துனு ஆக்கினேன். எதிர்ப்பக்கம் தெர்மாகோல் அட்டை. எல்லாம் அமைஞ்சும் படம் அமையலை. அக்ரிலிக் மூடி மேல ஒரே கீறல், தூசி, அதுல ஜன்னல் வேற பளிச்சுனு அடிக்குது. ரெண்டு மணி நேரம் போராடினேன். கடைசில என்ன பண்ணினேன்?

மூடியைக் கழட்டினேன். தகடும் இடிச்சுது, அதையும் கழட்டினேன். க்ளிக். பிரமாதமான படம். சத்தியமா சொல்றேன், நான் எடுத்ததுலயே டாப் அஞ்சுல வரும். பிளாக்ல போட்டேன், சொந்தக்காரங்க வாட்ஸப் குரூப்லயும் போட்டேன். அத்தனை பேர் பாராட்டினாங்க. "மூடி எங்கப்பா?"ன்னு ஒருத்தர் கேக்கலை.

அஞ்சு மாசம் கழிச்சு ஒரு ராத்திரி போன். என் அத்தை பையனோட சம்சாரம். "அண்ணா, அவருக்கு விரல்ல..."ன்னு ஆரம்பிச்சு அதுக்கு மேல பேச முடியலை.

இடது கை ஆள்காட்டி விரல், மேல் கணு. செல்போன் ரிப்பேர் கடை வெச்சிருக்கறவன் அவன். விரல் நுனிதான் அவனுக்கு மூலதனம். ஆஸ்பத்திரியில கட்டோட படுத்துக்கிட்டு ஒண்ணு சொன்னான். கோவமா சொல்லியிருந்தாக்கூட தாங்கியிருப்பேன். சாதாரணமாத்தான் சொன்னான்.

"உன் போட்டோவை ஜூம் பண்ணிப் பாத்துப் பாத்துத்தான் மச்சான் செஞ்சேன். அதுல மூடி எதுவும் இல்லியே?"

கொசுவத்தி அணைஞ்சது. இனிமே வாதம்.

"பிளேடு தெரியணும்னா கவரைக் கழட்டித்தானே ஆகணும்?"ங்கறது முதல் சால்ஜாப்பு. வெளிநாட்டு மரவேலைப் பத்திரிகைகள் ரொம்ப காலமா பண்ற வேலைதான் இது. படத்துல கவர் இருக்காது. ஓரமா பொடி எழுத்துல, படம் தெளிவாத் தெரியணும்னு கவரைக் கழட்டி வெச்சிருக்கோம்னு ஒரு வரி இருக்கும். பத்திரிகைல அந்த வரியும் படமும் ஒரே தாள்ல இருக்குது, சரி. நம்ம காலத்துல படம் மட்டும் தனியா ஊர் சுத்தும். ஃபார்வர்டு ஆகும்போது வரி கழண்டு விழுந்துடும். எழுத்தைப் படிச்சு யாரும் மேசை செய்யறதில்லை, படத்தைப் பாத்துத்தான் செய்யறாங்க. என் அத்தை பையன் மாதிரி.

அமெரிக்காவுல 1989லேர்ந்து 2009 வரைக்கும் தி நியூ யாங்கி வொர்க்‌ஷாப்னு டிவில ஒரு நிகழ்ச்சி வந்தது. நார்ம் ஏப்ரம் நடத்தினது. வேலையைத் தொடங்கறதுக்கு முன்னாடியே பாதுகாப்பைப் பத்தியும் கண்ணுக்குப் போடற கண்ணாடியைப் பத்தியும் சொல்லிடுவார், ஒவ்வொரு வாரமும். பாக்கறவன் அப்படியே காப்பியடிப்பான்னு தெரிஞ்ச மனுஷன் பண்ற வேலை அது. நம்ம போட்டோவையும் ஒருத்தன் காப்பியடிப்பான். நமக்குத்தான் அது உறைக்கறதில்லை.

"எல்லா ஆசாரியும் கவர் இல்லாமத்தானே வேலை பாக்கறாங்க?"ங்கறது ரெண்டாவது. ஆமா, பாக்கறாங்க. முப்பது வருஷம் பழகின கை. கூலிக்காகவும் நேரத்துக்காகவும் ஓடற ஓட்டம் வேற. எனக்குப் பழக்கமான மூணு ஆசாரிகள்ல ஒருத்தருக்குக் கட்டைவிரல் நுனி கிடையாது. அவரு ஒரு நாளும் அதை ஸ்டைல்னு சொல்லிக்கிட்டதில்லை. "தம்பி, நீங்க ஜாக்கிரதை"ன்னுதான் சொல்லுவாரு. பொழப்புக்காக அவங்க எடுக்கற ரிஸ்க்கை, பொழுதுபோக்குக்காக நாம அழகு பண்ணிக் காட்டறது அசிங்கம்.

மூணாவதுதான் பெரிய ஆபத்து. ஓடற பிளேடை நிக்கற மாதிரி எடுக்கறது. "ஆக்‌ஷனை ஃப்ரீஸ் பண்ணிட்டேன்"னு பீத்தல் வேற.

கொஞ்சம் கணக்குப் போடுவோம். கட்டர் நிமிஷத்துக்குச் சுமார் 12,000 சுத்து சுத்துது. அதாவது செகண்டுக்கு 200. நாலு இஞ்ச் சொச்சம் பிளேடோட விளிம்பு கிட்டத்தட்ட மணிக்கு 250 கி.மீ. வேகத்துல போகுது. கேமராவுல ஷட்டரை 1/4000ல வெச்சாக்கூட அந்த நேரத்துல பிளேடு 18 டிகிரி திரும்பிடும். 40 பல்லு பிளேடுல அது ரெண்டு பல்லு தூரம். பல்லு கலங்கலாத்தான் தெரியும். அதனால நம்மாளு ஃப்ளாஷ் போடறார். பவரைக் கொறச்சு வெச்சா ஃப்ளாஷ் 1/20,000 செகண்டுக்கும் குறைவாத்தான் மின்னும். அந்த நேரத்துல பிளேடு நாலு டிகிரி கூட நகராது, அரைப்பல்லு தூரம்கூட இல்லை. ஒவ்வொரு பல்லும் எண்ணிப் பாக்கற மாதிரி, அடக்க ஒடுக்கமா நிக்குது. பக்கத்துல இவரு கை. கைக்கும் பிளேடுக்கும் ரெண்டு இஞ்ச்.

அதைப் பாக்கற புதுப்பையன் மனசுல என்ன பதியும்? கையை இவ்வளவு கிட்ட வெக்கலாம்கறதுதான்.

இந்தப் பொய்யைப் பட்டறைக்காரங்க கேமரா இல்லாமலே பாத்திருக்காங்க. பழைய சோக்கு வெச்ச டியூப் லைட்டு செகண்டுக்கு 100 தடவை மினுக்கும். அந்த வெளிச்சத்துல, 3,000 சுத்துக்குக் கொஞ்சம் கம்மியா ஓடற மோட்டார்ல மாட்டின சக்கரம் சில சமயம் நிக்கற மாதிரியோ, மெதுவா ஊர்ற மாதிரியோ தெரியும். நின்னுடுச்சுன்னு நெனச்சுக் கையை வெச்சா போச்சு. அதனாலதான் லேத் பட்டறைல ஒரு குண்டு பல்பு கூட வெப்பாங்க, இல்லேன்னா லைட்டுகளை வேற வேற ஃபேஸ்ல கொடுப்பாங்க. ஆபத்துன்னு தெரிஞ்சு பட்டறைல ஒழிச்ச மாயையை, நாம ஃப்ளாஷ் வாங்கி, காசு செலவு பண்ணி, வேணும்னே செய்யறோம். நல்லா இருக்குதா இது?

இன்னொண்ணு, தனியா எடுக்கற சூரப்புலிகள். ஒரு கைல போனு, ஒரு கைல கட்டர். இவங்களுக்கு என்னத்தைச் சொல்ல? ரெண்டு கையும் மரத்துமேல இருக்கும்போதே தடுமாற வேலை இது. மனசு ஃப்ரேம்ல இருந்தா விரல் எங்க இருக்குன்னு தெரியாது.

திட்டினது போதும். அப்ப எப்படித்தான் எடுக்கறது? நான் இப்ப பண்றதைச் சொல்றேன்.

கவர் இருக்கட்டும். அது அழுக்கா, கீறலா இருக்கட்டும். ஈரத்துணியால ஒரு தடவை தொடச்சுட்டு, கொஞ்சம் பக்கவாட்டுல நின்னு எடுங்க. கவர்ல பளிச்சுனு எது தெரியுதோ அந்தப் பக்கம் ஒரு கருப்புத் துணியைத் தொங்க விடுங்க, கிளார் போயிடும். போலரைசர் ஃபில்டர் இருந்தா மாட்டித் திருப்பிப் பாருங்க, அக்ரிலிக் கிளாருக்கு நல்லாவே கேக்கும். வெறும் இரும்பு பிளேடு மேல மட்டும் அதோட ஜம்பம் பலிக்காது. ரெண்டு மணி நேரம் போராடின அன்னிக்கு இந்தக் கருப்புத் துணி ஐடியா எனக்குத் தோணியிருந்தா... சரி விடுங்க.

பிளேடைக் காட்டியே ஆகணுமா? பிளக்கைப் புடுங்குங்க. புடுங்கின பிளக்கை மேசை மேல, பிளேடு பக்கத்துலயே, ஃப்ரேமுக்குள்ள வைங்க. கவரையும் கழட்டின இடத்துல பக்கத்துல வைங்க. வரி கழண்டு போனாலும் பிளக்கு படத்தோடவே போகும்.

ஓடறதைக் காட்டணுமா? இன்னொருத்தரை எடுக்கச் சொல்லுங்க. பிளேடுக்கு நேர்க்கோட்டுல நிக்க விடாம ஒதுங்கி நிக்கச் சொல்லுங்க. ஸ்டாண்டுல வெச்சு 1/30ல எடுத்தா பிளேடு ஆறு சுத்துக்கு மேல சுத்தியிருக்கும். பல்லே தெரியாம வெறும் மங்கலான வட்டமாத் தெரியும். அதுதான் உண்மை. ஓடறது ஓடற மாதிரி தெரியட்டும். கை தூரமா இருக்கட்டும், மரத்தைத் தள்ள ஒரு குச்சி இருக்கட்டும்.

மரத்தூளையும் கூட்டித் தள்ளாதீங்க. எவ்வளவு பறக்குதுன்னு பாத்தாத்தான் மாஸ்க் எதுக்குன்னு புரியும்.

இதெல்லாம் புதுசா நான் கண்டுபிடிச்சதும் இல்லை. நம்ம ஊர்ல வருஷத்துக்கு ஒரு நாள் எல்லாப் பட்டறையிலயும் மெஷினை அழகா போட்டோ எடுக்கத்தானே செய்யறோம்? ஆயுத பூஜை அன்னிக்கு. தொடச்சு, சந்தனம் குங்குமம் வெச்சு, பூ வெச்சு, கரண்ட்டை நிறுத்தி, எந்த மெஷினையும் அன்னிக்கு ஓட்டாம. அந்தப் படத்துல மெஷினுக்கு ஒரு மரியாதை இருக்கும். அதுகிட்ட ஒரு பயமும் இருக்கும். நம்ம கருப்புத் துணி போட்டோவுல இல்லாதது அந்த ரெண்டும்தான்.

அந்த மேசையைப் பிரிச்சுப் போட்டு வருஷமாச்சு. பிரிக்கறதுக்கு முன்னாடி மூடியோட, தகட்டோட, புடுங்கின பிளக்கோட ஒரு படம் எடுத்துப் பழைய பதிவுல மாத்திப் போட்டேன். பழைய படம் எத்தனை போன்ல கெடக்குதோ, அதை என்னால திருப்பி வாங்க முடியாது. புதுப் படத்துக்கு ரெண்டே ரெண்டு பின்னூட்டம் வந்தது. அதுல ஒண்ணு "பழைய படமே நல்லா இருந்துச்சே தல".

அத்தை பையனுக்கும் அனுப்பினேன். இப்ப நடுவிரலை வெச்சு ட்வீசர் புடிக்கப் பழகிட்டான். பதில் வந்தது: "இதை மொதல்லயே போட்டிருக்கலாம் மச்சான்."

இன்னிக்கு ராத்திரி உங்க பழைய பதிவுகளை ஒரு தடவை தொறந்து பாருங்க. கவர் இல்லாத படம் இருந்தா எடுத்துட்டு வேற போடுங்க. எங்கிட்ட சொல்லக்கூட வேண்டாம்.

டிஸ்கி 1: யாரையும் மனசுல வெச்சு எழுதலை. உள்குத்து எல்லாம் எனக்கு நானே குத்திக்கிட்டதுதான்.

டிஸ்கி 2: போட்டோவுக்கு பந்தாவா க்ளவுஸ் மாட்டிக்கிட்டு சுத்தற பிளேடு கிட்ட போகாதீங்க, துணி சிக்கினா கையையே இழுத்துக்கும். மணிக்கட்டுல கட்டின சாமிக் கயிறுக்கும் இதேதான். சாமி கோச்சுக்காது, கழட்டி வெச்சுட்டுப் போங்க.