ரிட்டர்ன் குழாயைத் தொட்டுப் பாருங்கள்

அக்டோபர் பிறந்துவிட்டால் நம் தொழிலில் கைபேசி ஓய்வதில்லை. கோடை முழுக்கச் சும்மா கிடந்த பாய்லரை முதல் குளிர் நாளில் போடுகிறார்கள். பம்ப் இறுகிக் கிடக்கிறது, டைவர்ட்டர் வால்வு சிக்கியிருக்கிறது, பிரஷர் பூஜ்யத்தில் நிற்கிறது. ஈஸ்ட்ஹாம், இல்ஃபர்ட், ஹாரோ, டூட்டிங் என்று ஓடி ஓடிச் சரிசெய்கிறோம். கவரை மூடி, சர்வீஸ் புத்தகத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு அடுத்த வீட்டுக்குக் கிளம்புகிறோம். அந்த நேரத்தில் பாய்லரின் திரையில் ஃப்ளோ வெப்பநிலை 75 என்றோ 80 என்றோ நிற்கிறது. அதை யாரும் தொடுவதில்லை. வீட்டுக்காரர் மார்ச் வரைக்கும் அந்த எண்ணுக்குத்தான் பணம் கட்டப்போகிறார்.

எந்தக் கம்பெனி பாய்லர் நல்லது, ஸ்மார்ட் தெர்மோஸ்டாட் வாங்கினால் பில் குறையுமா, ஹீட் பம்புக்கு மாறலாமா என்றுதான் மக்கள் நம்மிடம் கேட்கிறார்கள். இவை எல்லாவற்றுக்கும் முன்னால் நிற்கும் கேள்வி வேறு: தண்ணீர் எத்தனை டிகிரியில் ரேடியேட்டருக்குப் போகிறது, எத்தனை டிகிரியில் திரும்புகிறது? இதைக் கேட்க வேண்டியவர்கள் நாம். இந்தக் குளிர்காலத்தில் பிரிட்டனில் கேஸ் வேலையும் ஹீட்டிங் வேலையும் செய்யும் நம் வாசகர்களிடம் நாங்கள் வேண்டுவது இந்த ஒன்றைத்தான்.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2005 ஏப்ரல் முதல், சில விதிவிலக்குகள் தவிர, புதிதாகப் பொருத்தும் கேஸ் பாய்லர் கண்டென்சிங் வகையாகத்தான் இருக்க வேண்டும். 2018 ஏப்ரலில் இங்கிலாந்தில் வந்த 'பாய்லர் பிளஸ்' விதி குறைந்தபட்சத் திறனை 92 சதவீதமாக்கியது. ஆகவே இன்று நாம் சுவரில் மாட்டும் பாய்லர்கள் எல்லாமே ஏ தரம்தான். ஆனால் அந்த 92 பாய்லர் பெட்டியோடு தானாக வருவதில்லை. ஒரு கன மீட்டர் கேஸ் எரிந்தால் ஏறத்தாழ ஒன்றரை லிட்டர் தண்ணீர் நீராவியாகப் புகையோடு சேர்கிறது. கேஸின் மொத்த வெப்பத்தில் சுமார் பத்தில் ஒரு பங்கு அந்த ஆவியில் இருக்கிறது. உலைமூடியில் நீர் கோத்துக்கொள்வதைப் போல அந்த ஆவி ஹீட் எக்ஸ்சேஞ்சரின் சுவரில் படிந்து நீரானால்தான் வெப்பம் நமக்குத் திரும்பக் கிடைக்கும். அதற்கு ரிட்டர்ன் தண்ணீர் 55 டிகிரிக்குக் கீழே இருக்க வேண்டும். 55 என்பது தொடக்கம் மட்டுமே. 45, 40 என்று இறங்க இறங்கத்தான் பலன் கூடும். ஃப்ளோ 80, ரிட்டர்ன் 65 என்று ஓடும் ஏ தரப் பாய்லர், 2005-க்கு முந்தைய பாய்லர் செய்ததைவிடக் கொஞ்சம் நன்றாகச் செய்கிறது, அவ்வளவுதான். அதன் திறன் 85 சதவீதத்தை ஒட்டி நிற்கும்.

இதைத் தெரிந்துகொள்ளப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். ரிட்டர்ன் குழாயில் ஒரு கிளிப் தெர்மாமீட்டரை மாட்டுங்கள். அது இல்லாவிட்டால் கையையே வையுங்கள்: சில விநாடிகளுக்கு மேல் வைத்திருக்க முடியாமல் சுட்டால் ரிட்டர்ன் அளவுக்கு மீறிய சூட்டில் இருக்கிறது. பாய்லருக்கு அடியிலிருந்து போகும் கண்டென்சேட் குழாயையும் கவனியுங்கள். ஹீட்டிங் அரை மணி நேரம் விடாமல் ஓடிய பிறகும் டிராப்பிலிருந்து நீர் இறங்கும் சத்தமே கேட்கவில்லை என்றால், வீட்டுக்காரர் காசு கொடுத்து வாங்கிய பத்தில் ஒரு பங்கு ஃப்ளூ வழியாக வெளியே போய்க்கொண்டிருக்கிறது.

2022 குளிர்காலத்தில் கேஸ் விலை ஏறியபோது, நெஸ்டா அறக்கட்டளை நேரடியாகப் பொதுமக்களிடம் போய், காம்பி பாய்லரின் ஃப்ளோவை 60-க்கு இறக்குங்கள் என்று பிரசாரம் செய்தது. அதே ஆண்டு ஜூன் 15 முதல் இங்கிலாந்தில் நடைமுறைக்கு வந்த கட்டட விதிகளின் எல் பகுதி, புதிதாகவோ முழுமையாக மாற்றியோ போடும் ரேடியேட்டர் அமைப்புகளை அதிகபட்சம் 55 டிகிரி ஃப்ளோவுக்கு வடிவமைக்கச் சொல்கிறது. ஒரு பக்கம் தொண்டு நிறுவனம், இன்னொரு பக்கம் அரசு. நடுவில், ஆண்டுக்கு ஒருமுறை அந்தப் பாய்லரின் முன்னால் நிற்கும் நாம் வாய் திறக்காமல் இருந்தால், தொழில் தெரிந்தவர்கள் என்ற பெயர் நமக்கு எதற்கு?

பாய்லர் தேர்ந்தெடுப்பதிலும் இதே கதைதான். 'எத்தனை கிலோவாட்?' என்று கேட்டால் நம்மவர்கள் 30, 35 என்று பெரிய எண்ணைத்தான் சொல்கிறார்கள். அந்த எண் குளியலறைக்கு உரியது. நிமிடத்துக்கு 10 லிட்டர் தண்ணீரை 35 டிகிரி உயர்த்த ஏறத்தாழ 24 கிலோவாட் வேண்டும், ஆகவே காம்பி பெரிதாகத்தான் இருக்கும். ஆனால் நம் மக்கள் அதிகம் வாழும் அந்தக் காலத்து டெரஸ் வீடு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். வெளியே மைனஸ் 2, உள்ளே 20 என்றால் வெப்ப இழப்பு 7 கிலோவாட் என்று கணக்கு வருகிறதென வைத்துக்கொள்வோம். லண்டனில் மைனஸ் 2 அடிக்கடி வருவதில்லை. வெளியே 8 டிகிரி இருக்கும் சாதாரண நாளில் அதே வீட்டுக்கு 4 கிலோவாட் கூடத் தேவைப்படாது. சுவரில் இருக்கும் பாய்லரோ 7 கிலோவாட்டுக்குக் கீழே இறங்க முடியாதது. விளைவு, மூன்று நிமிடம் எரிந்து அணைகிறது, மறுபடி பற்றுகிறது. நாள் முழுக்க இதே ஆட்டம். ஒவ்வொரு முறை பற்றும்போதும் ஃபேன் சூட்டை ஊதி வெளியே தள்ளுகிறது, இக்னிஷன் தேய்கிறது, வெப்பநிலை ஏறி இறங்குகிறது.

ஆகவே பட்டியலைப் புரட்டும்போது அதிகபட்ச எண்ணோடு குறைந்தபட்ச எண்ணையும் பாருங்கள். 3 கிலோவாட் அளவுக்கு இறங்கக்கூடிய பாய்லர்கள் இன்று சந்தையில் இருக்கின்றன. பெயர் பெற்ற கம்பெனி, நீண்ட வாரண்டி என்பவற்றை எல்லாம்விட வீட்டுக்காரரின் பில்லைத் தீர்மானிப்பது இந்தச் சின்ன எண்தான் என்பது எங்கள் உறுதியான கருத்து. மாட்டியதும் ஹீட்டிங்குக்கான அதிகபட்சத்தை வீட்டின் வெப்ப இழப்புக்கு ஏற்பக் குறைத்து வையுங்கள். சுடுதண்ணீருக்கு முழு 30-உம் இருக்கட்டும், ரேடியேட்டருக்கு 8 போதும். பெரும்பாலான பாய்லர்களில் இது மெனுவுக்குள் இருக்கும் ஒரு பாராமீட்டர். மேனுவலைத் திறந்து தேடுவதற்கு ஐந்து நிமிடம் ஆகும்.

ஃப்ளோவை இறக்கினால் வீடு சூடேறுமா என்ற பயம் நியாயமானது. கணக்குப் போட்டுத்தான் பதில் சொல்ல வேண்டும். பட்டியலில் 1,000 வாட் என்று இருக்கும் ரேடியேட்டர், தண்ணீர் 75-இல் போய் 65-இல் திரும்பி, அறை 20-இல் இருக்கும்போதுதான் அந்த 1,000-ஐத் தரும். 55-இல் போய் 45-இல் திரும்பினால் சுமார் 515 வாட். 50, 40 என்றால் 400-ஐ ஒட்டி. மேலே சொன்ன வீட்டில் எல்லா ரேடியேட்டர்களும் சேர்ந்து பட்டியல்படி 9 கிலோவாட் என்று வைத்தால், 55-இல் அவை 4.6 கிலோவாட் கொடுக்கும். 8 டிகிரி நாளுக்கு அது தாராளம். மைனஸ் 2 நாளில் ஃப்ளோ 65-ஐத் தாண்ட வேண்டியிருக்கும். இப்படி நாளுக்கு நாள் யார் திருகிக்கொண்டிருப்பது? வடக்குச் சுவரில் மாட்டும் ஒரு சென்சார் போதும். வெளியே குளிர் கூடினால் அது ஃப்ளோவை ஏற்றும், தணிந்தால் இறக்கும். வெதர் காம்பன்சேஷன் ஜெர்மனியில் பல பத்தாண்டுகளாகச் சாதாரண வழக்கம். இங்கே அந்தச் சென்சார் பாய்லர் பெட்டியோடு வந்தாலும் பலர் வேனிலேயே போட்டுவிடுகிறார்கள். இருநூறு பவுண்ட் ஸ்மார்ட் தெர்மோஸ்டாட்டை விற்கக் காட்டும் ஆர்வத்தில் பாதியை இந்தச் சென்சாரிடம் காட்டலாம்.

பேலன்சிங்கும் அப்படித்தான். பாய்லருக்குப் பக்கத்து ரேடியேட்டர் கொதிக்க, மாடியில் கடைசி அறை ஜில்லென்று கிடந்தால், லாக்ஷீல்டைத் திருகாமல் ஃப்ளோவைக் கூட்டிவிட்டுப் போவது நம் தொழிலின் பழைய கெட்ட பழக்கம். கறுப்புச் சேறு படிந்த சிஸ்டத்தை ஃபிளஷ் செய்து, இன்ஹிபிட்டர் ஊற்றி, மேக்னெட் ஃபில்டர் போட்டுவிட்டுத்தான் இதெல்லாம் என்பதைச் சொல்லவே தேவையில்லை.

எல்லாம் சரியாகச் செய்துவிட்டு வந்த மறுநாள் காலை அழைப்பு வரும்: "தம்பி, ரேடியேட்டர் கையில சுடவே இல்லையே, நேத்து நீங்க வந்துட்டுப் போனதிலயிருந்து இப்படித்தான் இருக்கு." இந்த அம்மாவிடம் கோபப்படக் கூடாது. கை வைத்தால் சுட வேண்டும் என்பதுதான் இத்தனை ஆண்டுகளாக அவர் கண்டது. அறைத் தெர்மாமீட்டரில் என்ன காட்டுகிறது என்று கேளுங்கள். 20 என்பார். "அதுதான்மா வேணும். ரேடியேட்டர் வெதுவெதுன்னு நாள் முழுக்க இருக்கும், அறை குளிராது" என்று பொறுமையாகச் சொல்லுங்கள். காலையில் ஒரு மணி நேரம், மாலையில் இரண்டு மணி நேரம் என்று போட்டு அணைப்பது 80 டிகிரிக்கு ஏற்ற பழக்கம். தாழ்ந்த ஃப்ளோவில் ஹீட்டிங் அதிக நேரம் ஓட வேண்டும். நம் வீடுகளில் தாத்தா பாட்டி பகல் முழுக்க இருப்பதால் இந்த முறை அவர்களுக்கு இன்னும் பொருந்தும். இரவு அணைக்காமல் இரண்டு மூன்று டிகிரி குறைத்தால் போதும். உலக சுகாதார நிறுவனம் 2018-இல் வெளியிட்ட வழிகாட்டியில், குளிர்காலத்தில் வீட்டுக்குள் 18 டிகிரி என்பது பாதுகாப்பான அளவு என்கிறது. வயதானவர்களுக்கும் குழந்தைகளுக்கும் அதைவிடக் கூடுதலாக வேண்டியிருக்கலாம் என்றும் சொல்கிறது. ஃப்ளோவை இறக்குவது சிக்கனம், அறையைக் குளிரவிடுவது சிக்கனம் ஆகாது. துணியை ரேடியேட்டர் மேல் காயப்போட்டு, சமையல் ஆவி வெளியேறாத வீட்டில், குளிர்ந்த மூலைச் சுவரில்தான் பூஞ்சை பிடிக்கிறது. எக்ஸ்ட்ராக்டர் ஃபேன் ஓடுகிறதா என்று அங்கேயே பார்த்துவிடுங்கள். அதற்குக் கேஸ் சேஃப் அட்டை தேவையில்லை.

ஒரு எச்சரிக்கையைச் சொல்லாமல் விட முடியாது. இதுவரை சொன்னது காம்பி பாய்லருக்கு. சுடுதண்ணீர்ச் சிலிண்டர் இருக்கும் வீட்டில் லீஜியோனெல்லா கிருமி வளராமலிருக்கச் சிலிண்டரில் தண்ணீர் 60 டிகிரி எட்ட வேண்டும். அங்கே ஃப்ளோவை 55-க்கு இறக்கிவிட்டு வந்தால் ஆபத்து. ஹீட்டிங்குக்கு ஒன்று, சிலிண்டருக்கு ஒன்று என இரண்டு ஃப்ளோ வைக்க முடியும் பாய்லரும் கன்ட்ரோலும் இருந்தால் மட்டுமே கை வையுங்கள்.

இனி ஹீட் பம்ப். 7,500 பவுண்ட் மானியம் என்றதும் கேட்பவர்கள் பெருகிவிட்டார்கள். நம்மவர்களில் பாதிப்பேர் 'இந்த நாட்டு வீட்டுக்கு அது சரிவராது' என்றும், மீதிப்பேர் 'பில் பாதியாகிவிடும்' என்றும் சொல்லி அனுப்புகிறார்கள். இரண்டும் பொறுப்பில்லாத பேச்சு. 2025 ஜனவரி விலை உச்சவரம்பில் மின்சாரம் யூனிட் 24.86 பென்ஸ், கேஸ் 6.34 பென்ஸ் என்று இருந்தது. அந்த விலையில், பாய்லர் 87 சதவீதத்தில் ஓடினால் ஒரு யூனிட் வெப்பத்துக்கு 7.3 பென்ஸ் ஆகும். அரசு 742 வீடுகளில் பொருத்திச் சோதித்த திட்டத்தில் ஹீட் பம்புகளின் பருவத்திறன், அதாவது ஒரு யூனிட் மின்சாரத்துக்குக் கிடைக்கும் வெப்பம், 2.8-ஐ ஒட்டி நின்றது. அந்தத் திறனில் யூனிட் வெப்பம் 8.9 பென்ஸ், கேஸைவிட அதிகம். திறன் 4 ஆனால் 6.2 பென்ஸ், கேஸைவிடக் குறைவு. கேஸ் இணைப்பையே துண்டித்தால் ஆண்டுக்கு நூறு பவுண்டுக்கு மேல் ஸ்டாண்டிங் சார்ஜும் மிச்சம். ஆனால் கேஸ் அடுப்பையும் விட்டாக வேண்டும், நம் சமையலறைகளில் அது லேசான பேச்சு அல்ல. முதலிலேயே கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள்.

2.8-க்கும் 4-க்கும் நடுவில் பெரும்பாலும் நிற்பது மறுபடியும் அந்த ஃப்ளோ வெப்பநிலைதான். ஒவ்வொரு டிகிரி இறங்கும்போதும் ஹீட் பம்பின் திறன் இரண்டு மூன்று சதவீதம் கூடுகிறது. பாய்லரில் 55 தாண்டினால் நஷ்டம் பத்து சதவீதத்துக்குள் நிற்கும், ஹீட் பம்பில் அது மூன்றில் ஒரு பங்கைத் தின்றுவிடும். மோனோபிளாக் வகையில் குளிர்ப்பொருள் சுற்றை நாம் தொட வேண்டியதில்லை. மிச்சமுள்ளது எல்லாம் தண்ணீர்ப் பக்க வேலை: அறைவாரியாக வெப்ப இழப்புக் கணக்கு, ரேடியேட்டர் அளவு, குழாய் அகலம், பேலன்சிங், காம்பன்சேஷன். கேஸ் பாய்லரை 50-இல் ஓடவைக்கத் தெரிந்தவருக்கு இதில் புதிதாகக் கற்க வேண்டியது குறைவு. பாய்லரை 50-இல் ஓட்டி ஒரு குளிர்காலத்தைக் கடந்த வீட்டுக்கு, எந்த அறையில் ரேடியேட்டரை மாற்ற வேண்டும் என்பதும் தெரிந்துவிடும்.

இதற்கெல்லாம் ஒரு வீட்டில் கூடுதலாக ஒன்றிரண்டு மணி நேரம் பிடிக்கும். அந்த நேரத்தை இலவசமாகக் கொடுங்கள் என்று நாங்கள் கேட்கவில்லை. எஸ்டிமேட்டில் தனி வரியாக எழுதி, உரிய கூலியைப் போடுங்கள். 'வெப்ப இழப்புக் கணக்கு, ஃப்ளோ அமைப்பு, பேலன்சிங்' என்று தமிழிலேயே எழுதிக் கொடுத்தாலும் சரி. வேலை முடிந்ததும் ஃப்ளோ, ரிட்டர்ன், வெளி வெப்பநிலை மூன்றையும் தேதியோடு சர்வீஸ் புத்தகத்தில் குறித்துவிடுங்கள். அடுத்த ஆண்டு அந்த வீட்டுக்குப் போகிறவர் நீங்களாக இல்லாவிட்டாலும், எங்கிருந்து தொடங்குவது என்று அவருக்குத் தெரியும்.